பழைய விமான மாடல் கிட்: கோலாலம்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பிளாஸ்டிக் விமான மாடல்கள் செய்கிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து சொந்தக்காரர்களும் நண்பர்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே மாதிரியான சந்தேகங்களோடு வருகிறார்கள். ஒருவர் கையில் அப்பாவின் அலமாரியில் கிடைத்த பெட்டி இருக்கும். இன்னொருவர் சந்தையில் வாங்கிய பையைப் பிரிக்கலாமா வேண்டாமா என்று தயங்குவார். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்துப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் 1/72 அளவு, அதாவது உண்மை விமானத்தில் 72இல் ஒரு பங்கு அளவுள்ள கிட்டுகளை (துண்டுகளாக வந்து நாமே ஒட்டிச் சேர்க்கும் மாடல் பெட்டிகளை) மனதில் வைத்து எழுதியது இது.

அண்ணே, இப்பதான் இவ்வளவு நல்ல புது கிட் வருதே, பழசைக் கட்டிக்கிட்டு ஏன் மாரடிக்கணும்?

முதல் காரணம், சில விமானங்கள் பழைய வார்ப்பு அச்சில் மட்டும்தான் சுலபமாகக் கிடைக்கின்றன. இரண்டாவது, சின்னப் போர் விமானம் என்றால் சில டஜன் துண்டுகளில் வேலை முடிந்துவிடும். புது கிட்டில் விமானி அறைக்கு மட்டுமே அத்தனை துண்டுகள் இருப்பதுண்டு.

எனக்கு முக்கியமானது மூன்றாவது காரணம். புது கிட்டில் எல்லாவற்றையும் தயாரிப்பாளரே செய்து கொடுத்துவிடுகிறார். பழைய கிட் நல்ல உடல்வாகை மட்டும் கொடுத்துவிட்டு மீதியை நம்மிடம் விட்டுவிடுகிறது. அந்த மீதியில்தான் கைவேலை பழகும்.

எத்தனை வருஷம் ஆனா 'பழைய கிட்'னு சொல்லலாம்? பெட்டி புதுசா இருந்தாலும் பழசா இருக்குமாமே?

வருடக் கணக்கைவிட அச்சின் வயதுதான் முக்கியம். இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் தன் முதல் விமானமான ஸ்பிட்ஃபயரை 1953இல் வெளியிட்டது. அந்தக் காலத்தில் சின்ன கிட்டுகள் பிளாஸ்டிக் பையில், மேலே ஓர் அட்டை மடித்து வரும். 60களின் அச்சுகளில் ஆணித்தலைகள் பருப்பருவாகப் புடைத்திருக்கும், தகட்டுக் கோடுகள் மேடாக இருக்கும். 1973இல் விமான கிட்டுகளைத் தொடங்கிய மேட்ச்பாக்ஸ் நிறுவனம், இரண்டு மூன்று நிறப் பிளாஸ்டிக்கில் வார்த்தது. அதன் பள்ளக் கோடுகள் சில இடங்களில் வாய்க்கால் அகலம் இருக்கும்.

அச்சுகள் கைமாறிக்கொண்டே இருக்கும். இங்கிலாந்தின் ஃப்ராக் நிறுவனம் 70களில் மூடப்பட்டபோது அதன் அச்சுகளில் பெரும்பகுதி சோவியத் யூனியனுக்குப் போய் நோவோ என்ற பெயரில் வந்தது. ஆகவே பெட்டியில் போட்டிருக்கும் ஆண்டை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்கேல்மேட்ஸ் தளத்தில் கிட்டின் பெயரைத் தேடினால், அந்த அச்சு எந்த ஆண்டில் பிறந்து எந்தெந்தப் பெட்டிகளில் வந்தது என்று வரிசையாகக் காட்டும்.

பிரிக்காம அப்படியே வச்சிருந்தா நல்ல விலை போகும்னு சொல்றாங்களே?

முதல் வெளியீட்டுப் பையோ, முத்திரை உடையாத பெட்டியோ என்றால் சேகரிப்பவர்கள் தேடுவார்கள். ஆனால் வீடுகளில் கிடைக்கும் பெட்டிகள் பெரும்பாலும் பலமுறை மறுபடி வார்த்து வெளியிட்டவைதான். நம் ஊர் ஈரத்தில் அட்டை பூசணம் பிடித்து, கரையான் ஒரு மூலையைத் தின்று, ஸ்டிக்கர் தாள் பழுத்துப் போயிருக்கும். அப்படிப்பட்டதை வைத்திருந்து காசு பார்ப்பது நடக்காத காரியம். கட்டிவிடுங்கள்.

இங்க எங்க கிடைக்கும்? வாங்கும்போது என்ன பார்க்கணும்?

பெட்டாலிங் ஜெயா ஆம்கார்ப் மாலின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய விளையாட்டுச் சாமான்களோடு சில நேரம் இருக்கும். பினாங்கில் இருப்பவர்கள் லோரோங் கூலிட் பக்கம் ஒரு காலை நேரம் சுற்றிப் பார்க்கலாம். இரண்டு இடத்திலும் பொறுமை வேண்டும்.

கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு பெட்டியைத் திறந்து, முதலில் கண்ணாடி மூடி இருக்கிறதா என்று பாருங்கள். காணாமல் போவதும் விரிசல் விடுவதும் அதுதான், மாற்று செய்வதும் அதற்குத்தான் கஷ்டம். அடுத்து விமான உடலின் இரண்டு பாதிகள். சக்கரம், புரொப்பல்லர் போன்றவை இல்லாவிட்டால் சமாளிக்கலாம், எப்படி என்பது கடைசிக் கேள்வியில் இருக்கிறது. டிகால் (நீரில் ஊறவைத்து ஒட்டும் சின்னங்களின் தாள்) பழுப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம், விலையைக் குறைக்க அதைக் காட்டிப் பேசலாம்.

வாங்கிட்டு வந்தாச்சு. முதல்ல என்ன செய்யணும்?

செய்முறைத் தாளை உடனே கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய தாள் மடிப்பில் கிழியும். பிறகு துண்டுகளை, அவை ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தோடு வெதுவெதுப்பான நீரில், பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு, பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். வார்க்கும்போது அச்சில் பூசிய எண்ணெய்ப் பசை போகாவிட்டால் வர்ணம் ஒட்டாது.

காய்ந்ததும் பசை இல்லாமல் துண்டுகளைப் பொருத்திப் பாருங்கள். மாஸ்கிங் டேப்பால் உடலையும் இறக்கையையும் சேர்த்து ஒட்டி ஒரு முழு விமானமாகப் பார்த்துவிட்டால், எங்கே இடைவெளி, எங்கே படி, எங்கே பிசிறு என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பிறகு என்னிடம் இடைவெளி நிரப்பும் புட்டி பற்றிக் கேட்கிறார்கள்.

இறக்கை வாழைப்பழம் மாதிரி வளைஞ்சிருக்கு. தூக்கிப் போட்டுடலாமா?

வேண்டாம். கை பொறுக்காத அளவு சூடான நீரில் சிறிது நேரம் வைத்து, மெதுவாக எதிர்ப்பக்கம் வளைத்துப் பிடித்தபடி குளிர்ந்த நீரில் காட்டுங்கள். கொதிநீர் கூடாது. பாலிஸ்டைரீன் 100 டிகிரிக்குப் பக்கத்தில் இளகிவிடும், அப்புறம் வடிவமே போய்விடும். ஒரே தடவையில் நேராக்கப் பார்க்காமல், இரண்டு மூன்று முறையாகச் செய்தால் பிளாஸ்டிக் வெளுக்காது.

பெட்டிக்குள்ள இருந்த டியூப் பசை காய்ஞ்சு போச்சு. சூப்பர் குளூ போதுமா?

எல்லாவற்றுக்கும் போதாது. பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் சேர்க்க, தூரிகை மூடியோடு வரும் நீர்த்த மாடல் சிமெண்டே நல்லது. இரண்டு பாதிகளைச் சேர்த்துப் பிடித்து, விளிம்பில் தூரிகையைத் தொட்டால் திரவம் தானாகக் கோடு முழுதும் ஓடும். சிறிது நேரம் கழித்து லேசாக அழுத்துங்கள். உருகிய பிளாஸ்டிக் மெல்லிய மணிபோல் வெளியே பிதுங்கும். அதை அப்படியே விட்டு மறுநாள் உப்புத்தாளில் தேய்த்தால் இணைப்புக் கோடு பாதிக்கு மேல் மறைந்துவிடும், புட்டிச் செலவு மிச்சம்.

சூப்பர் குளூ உலோகத்துக்கும் ரெசினுக்கும். காற்றின் ஈரத்தால்தான் அது இறுகுகிறது, அதனால் இங்கே வேகமாகப் பிடிக்கும். தெளிவான கண்ணாடித் துண்டின் பக்கம் மட்டும் கொண்டு போகாதீர்கள். அதன் ஆவி வெள்ளையாகப் படிந்துவிடும். கண்ணாடி மூடிக்கு வெள்ளை மரப்பசை.

எல்லாமே தப்பா இருக்கிற மாதிரி தெரியுது. எதை மாத்தணும், எதை விடணும்?

என்னிடம் வரும் கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான். பழைய கிட்டைப் புது கிட் ஆக்கப் பார்த்தால் விமானம் முடியவே முடியாது. அலமாரியில் முழங்கை தூரத்திலிருந்து பார்க்கும்போது கண் போய் நிற்கும் இடங்கள் சில: கண்ணாடி மூடி, இறக்கையின் பின் விளிம்பு, புரொப்பல்லர், சக்கரக் கால்கள். அங்கே உழையுங்கள். சக்கரக் குழியின் உள்கூரை, இயந்திரத்தின் பின்பக்கம் போன்றவற்றை விட்டுவிடலாம்.

இவற்றில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் பின் விளிம்பைச் செய்யுங்கள். பழைய கிட்டில் அது சாதாரணமாக 1 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். 72ஆல் பெருக்கிப் பாருங்கள், உண்மை விமானத்தில் 7 சென்டிமீட்டருக்கு மேல் வரும். அப்படி ஒரு விமானம் பறக்காது. இறக்கையின் மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் ஒட்டும் முன், கீழ்ப் பாதியின் உள்பக்கத்தைக் கண்ணாடித் தட்டில் விரித்த 240 எண் உப்புத்தாளில் வட்டமாகத் தேயுங்கள். விளிம்பு வெளிச்சத்தில் பிடித்தால் ஊடுருவித் தெரியும் அளவுக்கு மெலியும்வரை தேய்த்து, பிறகு ஒட்டுங்கள். வெளிப்பக்கத்தைத் தொடவே தேவையில்லை. செலவு இல்லாத இந்த ஒரு வேலையிலேயே மாடலின் முகம் மாறிவிடும்.

புரொப்பல்லர் இலைகளுக்கும் இதே வைத்தியம். இறக்கையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் குழாயை வெட்டிவிட்டு, மெல்லிய பித்தளைக் கம்பி வையுங்கள். ஜாலான் பாசாரில் மின்னணுச் சாமான் விற்கும் கடைகளில் மெல்லிய கம்பிகள் பல அளவில் கிடைக்கும்.

விமானி உக்கார்ற இடத்துல ஒரு குச்சியும் ஒரு பொம்மையும்தான் இருக்கு. என்ன செய்ய?

கண்ணாடி மூடி தடிமனாக, மூடியபடி இருந்தால் உள்ளே அதிகம் தெரியாது. மெல்லிய பிளாஸ்டிக் அட்டையில் ஒரு தளம், ஒரு பின்சுவர், ஒரு இருக்கை, ஒரு கருவிப் பலகை வெட்டினால் போதும். மாஸ்கிங் டேப்பை நூல்போல் கீறி இருக்கை வார் வையுங்கள், அதுதான் வெளியிலிருந்து முதலில் தெரியும். பலகையைக் கறுப்படித்து, காய்ந்த தூரிகையால் வெளிர் சாம்பல் தொட்டுத் தொட்டு எடுங்கள். கிட்டின் விலையைப் போல் மூன்று மடங்கு கொடுத்து ரெசினில் வார்த்த விமானி அறை வாங்குகிறவர்களை நான் தடுப்பதில்லை, ஆனால் அது பழைய உடலுக்குள் நுழையச் சுவரைக் காகிதமாகச் செதுக்க வேண்டியிருக்கும் என்பதைச் சொல்லிவிடுவேன்.

மேடா இருக்கிற கோட்டையெல்லாம் சுரண்டிட்டுப் பள்ளமாக் கீறணும்கிறாங்க. கட்டாயமா?

கட்டாயமில்லை. உண்மை விமானத்தில் தகட்டு இடைவெளி 3 மில்லிமீட்டர் என்று வைத்தால், 1/72இல் அது 0.04 மில்லிமீட்டர். முடியைவிட மெல்லியது. மேடும் பொய், பள்ளமும் பொய்தான். மேடான கோடுகளை 600 எண் உப்புத்தாளால் நீர் விட்டு லேசாகத் தணித்து, அப்படியே வர்ணம் அடித்தால் பழைய கிட்டுக்குரிய அழகோடு நிற்கும். புடைத்த ஆணித்தலைகளை மட்டும் இரக்கமில்லாமல் தேய்த்துவிடுங்கள். உண்மை அளவில் அவை எலுமிச்சம்பழ அளவு இருக்கும்.

கீறியே ஆக வேண்டும் என்றால் முழுதும் தேய்ப்பதற்கு முன் தொடங்குங்கள், மேட்டுக் கோடுதான் உங்களுக்கு வழிகாட்டி. எழுத்து அழுத்தும் தடித்த டைமோ டேப்பைக் கோட்டின் ஓரமாக ஒட்டி, கீறும் ஊசியை எடையே இல்லாமல் இழுக்க வேண்டும். முதல் இரண்டு இழுப்பில் எதுவும் தெரியக் கூடாது, நாலாவதில் கோடு எட்டிப் பார்க்க வேண்டும். அழுத்தினால் ஊசி வழுக்கி ஓடும். ஓடிய கீறலைச் சூப்பர் குளூவால் நிரப்புங்கள், புட்டியால் வேண்டாம். புட்டி மீது மறுபடி கீறினால் ஓரம் உதிரும்.

உடம்புக்கும் இறக்கைக்கும் நடுவுல நகமே போகுது. எவ்வளவு புட்டி வைக்கணும்?

அந்த அளவு இடைவெளிக்குப் புட்டி வேண்டாம். பிளாஸ்டிக் அட்டையில் மெல்லிய பட்டை வெட்டிச் செருகி, மேலே சொன்ன சிமெண்டை ஓடவிட்டு, காய்ந்ததும் அரத்தால் சமப்படுத்துங்கள். புட்டி சுருங்கும், பட்டை சுருங்காது. கடைசி மயிரிழைக் கோட்டுக்கு மட்டும் புட்டி. தேய்க்கும்போது நீர் விட்டுத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள்.

முன்னால் சக்கரம் இருக்கிற விமானம் வாலைத் தரையில வச்சு உக்காந்துடுது அங்கிள்!

மூக்கில் எடை வேண்டும், உடலை ஒட்டும் முன். மீன்பிடிச் சாமான் கடையின் ஈயக் குண்டுகள் போதும். அவற்றை வெள்ளைப் பசையில் ஒட்டாதீர்கள். மூடிய இடத்தில் அந்தப் பசையோடு ஈயம் வினைபுரிந்து நாளடைவில் உப்பி, ஒட்டிய உடலையே பிளந்துவிடும். எபாக்சி பயன்படுத்துங்கள். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கண்ணாடி மூடி கீறலா, மங்கலா இருக்கு. வேற வாங்கணுமா?

விரிசல் இல்லையென்றால் மீட்கலாம். 1000, 2000 எண் உப்புத்தாளில் நீர் விட்டு வரிசையாகத் தேய்த்து, பிறகு பாலிஷ் பசை, அதுவும் இல்லாவிட்டால் பற்பசை வைத்துப் பருத்தித் துணியால் மெருகேற்றுங்கள். நடுவில் முழுவதும் வெண்மையாகிப் பயமுறுத்தும், நிறுத்திவிடாதீர்கள். முடிவில் தெளிவான பளபளப்பு அக்ரிலிக்கில் முக்கி, ஓரத்தில் வடியும் துளியைத் திசுத்தாளால் உறிஞ்சி, தூசி விழாமல் ஒரு டப்பாவால் கவிழ்த்து மூடி வையுங்கள்.

வர்ணம் அடிச்சா வெள்ளையாப் பூத்துடுது. நம்ம ஊர்ல மட்டும் ஏன் இப்படி?

லாக்கர் வகை வர்ணத்தில் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துவிடும். காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து வெள்ளையாகப் பூக்கும். மழை வரும்போது அடித்தால் நிச்சயம். பலரும் விடியற்காலை குளுமையாக இருக்கிறதே என்று அப்போது அடிக்கிறார்கள், ஆனால் காற்றின் ஈரப்பதம் உச்சத்தில் இருப்பது அந்த நேரத்தில்தான். வெயில் ஏறிய பிறகு, மாலை மழைக்கு முன்னால், காலை பத்திலிருந்து பிற்பகல் இரண்டு வரை நல்ல நேரம்.

கரைப்பானோடு, காய்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் கொஞ்சம் சேருங்கள். ஏற்கெனவே பூத்திருந்தால், ரிட்டார்டர் கலந்த கரைப்பானை மட்டும் ஏர்பிரஷ்ஷில் மிக மெல்லிய பனிபோல் தெளித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். கம்ப்ரசரில் காற்றின் ஈரத்தைப் பிடித்துவைக்கும் நீர்ப்பொறி இல்லாமல் இந்த ஊரில் வேலை செய்யாதீர்கள், நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்து இறக்கையில் விழும். ஜன்னலைத் திறந்து, மின்விசிறியால் புகையை வெளியே தள்ளிக்கொண்டு அடியுங்கள்.

டிகால் மஞ்சளாயிடுச்சு, தண்ணியில போட்டா தூள் தூளா உடையுது. இனி அவ்வளவுதானா?

மஞ்சள் நிறத்துக்கு வெயில் போதும். டிகால் தாளைத் தெளிவான பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் மூடி, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் படம் வெளியே பார்க்க ஒட்டுங்கள். நம் வெயிலுக்குச் சில நாளிலேயே வார்னிஷ் வெளுக்கத் தொடங்கும். தினமும் எடுத்துப் பாருங்கள், சிவப்பு நிறம் மங்கத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள்.

உடைவது வேறு நோய். எப்போதும் தேவையில்லாத ஒரு டிகாலை முதலில் நீரில் போட்டுச் சோதியுங்கள். உடைந்தால் மீதித் தாள் முழுதும் திரவ டிகால் ஃபிலிமையோ தெளிவான பளபளப்பு லாக்கரையோ மெல்லியதாக அடித்துக் காயவிடுங்கள். இப்போது தாள் முழுதும் ஒரே படலம் ஆகிவிட்டதால் ஒவ்வொன்றையும் ஓரத்தை ஒட்டி வெட்ட வேண்டும். பளபளப்பான பரப்பின் மீது ஒட்டுங்கள். மேட் பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளித் திட்டாகத் தெரியும்.

நம்ம நாட்டோட சம்பந்தப்பட்ட பழைய கிட் எது செய்யலாம்?

1972இல் வந்த ஏர்ஃபிக்ஸ் புரூஸ்டர் பஃபலோவை முதலில் சொல்வேன். 1941 டிசம்பரில் மலாயாவைக் காக்க இருந்த போர் விமானம் அதுதான். டிசம்பர் 22 அன்று ஆஸ்திரேலியாவின் 453ஆம் படைப்பிரிவு கோலாலம்பூர் வானத்திலேயே ஜப்பானியரோடு போரிட்டது. மேலே அடர்பச்சையும் மண்பழுப்பும், கீழே ஸ்கை எனும் வெளிர்பச்சை. குன்சே நிறுவன வர்ணத்தில் எண்கள் முறையே எச்73, எச்72, எச்74. 453ஆம் படைப்பிரிவு விமானங்களின் உடலில் எழுதும் அடையாள எழுத்து டி.டி. (TD). இறக்கை வீச்சு 35 அடி, மாடலில் 148 மில்லிமீட்டர் வர வேண்டும், அளந்து பாருங்கள். கப்பலில் இறங்கும் வால் கொக்கி நம் விமானங்களில் கிடையாது, இருந்தால் வெட்டிவிடுங்கள்.

பினாங்குக்காரர்களுக்கு பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானம். 1941 டிசம்பர் 9 அன்று பட்டர்வொர்த் தளம் தாக்கப்பட்டபோது பிரிட்டிஷ் விமானி ஆர்தர் ஸ்கார்ஃப் தன் விமானத்தை எடுத்துக்கொண்டு தனியாகவே தாய்லாந்தில் ஜப்பானியர் பிடித்திருந்த சிங்கோராவைத் தாக்கப் போனார், படுகாயத்தோடு அலோர் ஸ்டாரில் இறக்கினார், உயிர் பிழைக்கவில்லை. 1946இல் அவருக்கு பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது. அவர் ஓட்டியது குட்டை மூக்கு மார்க் 1. ஏர்ஃபிக்ஸின் பழைய பிளென்ஹைம் நீண்ட மூக்கு மார்க் 4, அதனால் அதில் அவருடைய விமானத்தைச் செய்ய முடியாது. ஃப்ராக் அச்சு மார்க் 1. நோவோ பெட்டியில் வந்ததும் அதேதான்.

பெரிதாக வேண்டுமென்றால் 1960இன் ஏர்ஃபிக்ஸ் டகோட்டா, போக்குவரத்து விமானம். மலாயன் ஏர்வேஸிலும் பறந்தது, மலாயா அவசரகாலத்தில் (1948–60) காட்டுக்குள் உணவு மூட்டைகளும் போட்டது. ஆணித்தலைகள் ஏராளம், மேலே சொன்னபடி தேய்த்துவிடுங்கள்.

பெரியப்பா பாதி கட்டி வச்சது இருக்கு. பிரிச்சு மறுபடி செய்யலாமா?

சிமெண்டில் உருகிச் சேர்ந்த இடத்தைப் பிரிக்க முடியாது, மெல்லிய ரம்பத்தால் அறுக்கத்தான் வேண்டும். ஆனால் பழைய டியூப் பசை பல இடங்களில் மேலாகத்தான் பிடித்திருக்கும். பிளேடின் முதுகுப் பக்கத்தைக் கோட்டில் வைத்து லேசாகத் திருகினால் டிக் என்ற சத்தத்தோடு இணைப்பு விட்டுவிடும். சத்தம் வராத இடத்தில் பலம் காட்டாதீர்கள்.

அக்ரிலிக் வர்ணம் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் இளகும். எனாமல் பிடிவாதக்காரன். வாகன பிரேக் எண்ணெயில் ஊறவைப்பார்கள், கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம், முதலில் ஒரு சின்னத் துண்டில் சோதிக்க வேண்டும். ஆனால் பெரியப்பா கையால் அடித்த வர்ணம் நன்றாகவே இருக்கிறது என்றால் அதைக் கழுவாதீர்கள். உடைந்ததை ஒட்டி, விட்டுப்போன டிகாலைப் போட்டு, அவர் முடிக்க நினைத்தபடியே முடித்துக் கொடுங்கள். வீட்டில் உள்ளவர்களையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு சக்கரம் இல்ல. ஒண்ணு மட்டும் எங்க தேடுவேன்?

தேட வேண்டாம், இருக்கிற சக்கரத்தை நகல் எடுங்கள். வெந்நீரில் இளகி, ஆறினால் ரப்பர்போல் இறுகும் அச்சுக் கட்டி பொழுதுபோக்குக் கடைகளில் கிடைக்கும். இளகிய கட்டியில் சக்கரத்தைப் பாதிவரை அழுத்தி, ஆறியதும் எடுத்தால் ஒரு பக்கத்தின் அச்சு கிடைக்கும். அதில் இரண்டு பகுதி எபாக்சி மாவைப் பிசைந்து அழுத்துங்கள். காற்றுக் குமிழி சிக்காமல் இருக்க மாவை நடுவில் வைத்து ஓரத்துக்குத் தள்ள வேண்டும். மறுபக்கத்துக்கும் இப்படியே ஒரு பாதி எடுத்து, இரண்டின் தட்டைப் பக்கத்தையும் உப்புத்தாளில் சமமாகத் தேய்த்து ஒட்டுங்கள். எபாக்சிக்கு மாடல் சிமெண்ட் பிடிக்காது, இங்கே சூப்பர் குளூதான். கடைசியில் டயரின் அடியைக் கொஞ்சம் தட்டையாகத் தேய்த்துவிட்டால் விமானத்தின் எடையைத் தாங்கி நிற்பதுபோல் இருக்கும். மறக்காமல் மற்றச் சக்கரத்தையும் அதேபோல் தேயுங்கள்.